எடை கூடினால் 'கிளார்க்' ஆகிவிடலாமா? தேசிய சேவையில் தராசு சொல்வது என்ன?

தேக்கா உணவங்காடியில் ஒரு சனிக்கிழமை இரவு. நண்பர்கள் கூட்டம் ஒன்று. அவர்களில் ஒருவர் விரைவில் தேசிய சேவைக்குச் செல்லவேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஆலோசனை சொல்கிறார்: "மச்சான், இன்னும் ரெண்டு பரோட்டா அடி! எடை ஏறிச்சுன்னா காடு, மேடெல்லாம் கிடையாது. ஏர்கான்ல உக்காந்து கிளார்க் வேலை பாக்கலாம்."

இந்தப் பேச்சை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். வீட்டிலோ கதை வேறு. "இப்படியே போனா அங்க ஓட முடியாது, சாப்பாட்டைக் குறை" என்பார் அப்பா. "அங்க போனா பிள்ளை இளைச்சுடும், இப்பவே நல்லா சாப்பிடட்டும்" என்பார் பாட்டி.

இதில் யார் சொல்வது சரி? எடைக்கும் ராணுவத்தில் கிடைக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு? துப்பாக்கியைத் தூக்கி ஓடப்போவதே இல்லை என்றால், எடை எவ்வளவு இருந்தால்தான் என்ன?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், 'பெஸ்' என்றால் என்ன?

சிங்கப்பூரில் தேசிய சேவை 1967இல் தொடங்கியது. ராணுவத்தில் சேருமுன் எல்லாரும் மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். உயரம், எடை, கண், காது, பல், இதயம், ரத்த அழுத்தம், சிறுநீர் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். ஆஸ்துமா உண்டா, முன்பு அறுவைச் சிகிச்சை நடந்ததா, மனநலம் எப்படி என்றும் கேட்பார்கள்.

கடைசியில் உங்களுக்கு ஒரு தரநிலை கிடைக்கும். அதுதான் 'பெஸ்'. 'உன் பெஸ் என்ன?' என்பது 18 வயதில் நண்பர்கள் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால்:

பெஸ் ஏ, பி1: பெரும்பாலான போர்ப்பணிகளுக்குத் தகுதி.

பெஸ் பி2: சில போர்ப்பணிகளுக்குத் தகுதி.

பெஸ் பிபி: உடல் பருமன் உள்ளவர்களுக்கான பயிற்சிக்குச் செல்பவர்கள்.

பெஸ் சி, ஈ: போர்சாராப் பணிகளும் நிர்வாகப் பணிகளும்.

பெஸ் எஃப்: சேவைக்கு உடல்நிலை இடம் தராதவர்கள்.

எடை அதிகம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு பிரிவே இருப்பதைக் கவனித்தீர்களா? அந்த நண்பரின் பரோட்டா ஆலோசனை சறுக்குவது இங்குதான்.

அப்போ, எடை கூடினால் என்ன ஆகும்?

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் எடைக் குறியீடு, அதாவது பிஎம்ஐ. அந்த எண் 27ஐத் தாண்டி, வேறு பெரிய மருத்துவப் பிரச்சினை எதுவும் இல்லாவிட்டால், நீங்கள் பொதுவாகப் போவது பிபி பிரிவுக்கு.

உங்கள் உயரம் 1.75 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 82 கிலோ இருந்தால் பிஎம்ஐ 26.8. 83 கிலோ என்றால் 27.1. ஒரே ஒரு கிலோதான் வித்தியாசம்.

அந்தக் கோட்டைத் தாண்டினால் அலுவலக மேசை காத்திருக்கிறதா? இல்லை. காத்திருப்பது 19 வார அடிப்படை ராணுவப் பயிற்சி. உடலுறுதிச் சோதனையில் முன்கூட்டியே தேறியவர்கள் அதே பயிற்சியை 9 வாரத்தில் முடித்துவிடுவார்கள். நீங்கள் அதைவிட 10 வாரம் கூடுதலாகப் பயிற்சியில் இருப்பீர்கள். அந்தக் கூடுதல் காலம் உடலை மெதுவாகப் பழக்குவதற்கு. நடை, ஓட்டம், தசைப் பயிற்சி எல்லாம் படிப்படியாகக் கூடும்.

பயிற்சி முடிந்தபின் உங்கள் உடல்நிலையைப் பார்த்துத்தான் வேலை முடிவாகும். எடை குறைந்து உடலும் தேறிவிட்டால் போர்ப்பணிக்கே அனுப்பப்படலாம். ஆக, கிளார்க் வேலைக்காகச் சாப்பிட்ட பரோட்டா கடைசியில் கூடுதல் ஓட்டமாகத்தான் திரும்பி வரும்!

இன்னொரு கணக்கும் உண்டு. போர்ப்பணிக்குத் தகுதிபெறும் பெஸ் ஏ, பி1 பிரிவினர், சேருமுன்பே ஐபிபிடி உடலுறுதிச் சோதனையில் குறைந்தது 61 புள்ளிகள் எடுத்தால், 2 ஆண்டு முழுநேரச் சேவையில் 2 மாதம் குறையும். வேண்டுமென்றே உடலைக் கெடுத்துக்கொள்பவர் அந்த 2 மாதத்தையும் இழக்கிறார்.

சேவையைத் தவிர்ப்பதற்காக வேண்டுமென்றே உடல்நலக் குறைவை வரவழைத்துக்கொள்வது சட்டப்படிக் குற்றமும்கூட.

தென்கொரியாவில் நடந்த கதை

'அப்படி யாராவது உண்மையிலேயே செய்வார்களா?' என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கிறார்கள்.

தென்கொரியாவிலும் ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு. ஆனால் அங்கு விதி வேறு. பிஎம்ஐ மிக அதிகமாக இருந்தால் போர்ப்பணி கிடையாது. அதற்குப் பதிலாக அரசாங்க அலுவலகம் போன்ற இடங்களில் சமூகச் சேவை செய்யலாம். அப்போதைய விதிப்படி பிஎம்ஐ 35 என்பது எல்லைக்கோடு.

26 வயது இளையர் ஒருவர் முதலில் போர்ப்பணிக்குத் தகுதி பெற்றிருந்தார். பிறகு தினசரி உணவை இரு மடங்காக்கினார். கலோரி அதிகம் உள்ள உணவுகளைத் தேடிச் சாப்பிட்டார். உயரம் 169 சென்டிமீட்டர். இறுதிப் பரிசோதனையில் எடை 102 கிலோவுக்கு மேல். அவர் விரும்பியபடியே சமூகச் சேவை கிடைத்தது.

விஷயம் பின்னர் வெளிவந்தது. 2024 நவம்பரில் சோல் நகர நீதிமன்றம் அவருக்கு 1 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்து, அதை 2 ஆண்டுக்கு ஒத்திவைத்தது. உணவுத் திட்டம் போட்டுக்கொடுத்து உதவிய நண்பரும் தண்டனையிலிருந்து தப்பவில்லை.

இரு நாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொரிய விதியில் எடை, போர்ப்பணியிலிருந்து வெளியேறும் கதவாக இருந்தது. அதனால் அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்கச் சிலருக்கு ஆசை வந்தது. சிங்கப்பூரில் கூடுதல் எடை என்பது கூடுதல் பயிற்சி. சோதனை ஒன்றுதான். விதி எழுதப்படும் விதத்தைப் பொறுத்து மனிதர்கள் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது.

மேசை வேலைக்கு எதற்கு எடைக் கணக்கு?

இது நியாயமான கேள்விதான். கிளார்க் கணினி முன் உட்காருகிறார். களஞ்சிய ஊழியர் பொருள்களுக்குக் கணக்கு வைக்கிறார். ஓட்டுநர் வண்டி ஓட்டுகிறார். இவர்களின் இடுப்பளவு யாருக்கு என்ன தொந்தரவு?

ராணுவங்கள் பொதுவாகச் சொல்லும் காரணங்கள் 4.

ஒன்று, வெயில். உடல் அசையும்போது சூடு உண்டாகும். எடை கூடக்கூட, அதே தூரம் நடக்க உடல் கூடுதலாக உழைக்கவேண்டும், கூடுதல் சூடும் பிறக்கும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்தச் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் வியர்வையும் சீக்கிரம் காயாது. ஆகவே உடல் பருமன் வெப்பத் தாக்க ஆபத்தைக் கூட்டும். மேசை வேலைக்குப் போகிறவரும் முதலில் ஏதாவதொரு பயிற்சியைக் கடந்துதான் ஆகவேண்டும்.

இரண்டு, வேலையே அவ்வளவு லேசானது இல்லை. களஞ்சியத்தில் பெட்டிகளைத் தூக்கவேண்டும், அடுக்கவேண்டும். சாதாரணமாக நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப்போல் 2, 3 மடங்கு சுமை இறங்குகிறது.

மூன்று, தூக்கம். உடல் பருமன் உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்சினை வரும் வாய்ப்பு அதிகம். இரவில் தூக்கம் கெட்டால் பகலில் கண் சொக்கும். கனரக வண்டி ஓட்டும் ஒருவருக்கு அது அவருடைய தனிப்பட்ட பிரச்சினையாக மட்டும் இருக்காது.

நான்கு, காலம். சேவை 2 ஆண்டில் முடிந்துவிடுவதில்லை. அதன்பின் போர்க்காலப் படையினராகப் பொதுவாக 40 வயதுவரை, அதிகாரிகளுக்கு 50 வயதுவரை, கடப்பாடு தொடரும். 20 வயதில் தெரியாத ரத்த அழுத்தமும் நீரிழிவும் 35 வயதில் தெரியும்.

இந்தக் காரணங்களை ஒப்புக்கொண்டாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. இவையெல்லாம் உடலின் திறனையும் நலத்தையும் பற்றியவை. தராசு காட்டுவதோ எடையை மட்டும். இரண்டும் ஒன்றா?

ஒரே எண், இரண்டு உடல்

பிஎம்ஐ சூத்திரத்தை 1830களில் உருவாக்கியவர் அடோல்ஃப் கெட்லே. பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித, வானியல் அறிஞர். 'சராசரி மனிதர்' எப்படி இருப்பார் என்று புள்ளிவிவரம் மூலம் அறிய விரும்பினார். தனி மனிதரின் உடல்நலத்தை அளப்பது அவர் நோக்கமில்லை. 'பிஎம்ஐ' என்ற பெயரே 1972இல்தான் வந்தது. வைத்தவர் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்.

பெரிய கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அது வசதியான கருவி. உங்கள் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது சில சமயம் தடுமாறும்.

இதற்கு நம் மக்களிடமிருந்தே ஒரு நல்ல சான்று இருக்கிறது. புனே நகரைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கின் இருவரும் 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். இருவரின் பிஎம்ஐயும் 22.3. புள்ளி பிசகாமல் ஒரே எண். ஆனால் உடலில் உள்ள கொழுப்பு? யட்கினுக்கு 9.1 விழுக்காடு. யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. இரு மடங்குக்கும் மேல்!

தெற்காசியர்கள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உள்ளே, குறிப்பாக வயிற்றைச் சுற்றி, கொழுப்பு கூடுதலாக இருக்கலாம் என்பதை அந்தப் படம் எளிதாகப் புரியவைத்தது. 'கை, கால் குச்சி மாதிரி, தொப்பை மட்டும் முன்னால்' என்று நம் வீடுகளில் கிண்டல் செய்வோமே, அதேதான்.

அதே 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்குத் தனி அளவுகோலைப் பரிந்துரைத்தது. உலக அளவில் 25, 30 என்பவை எச்சரிக்கைக் கோடுகள். ஆசியர்களுக்கு 23, 27.5. சிங்கப்பூரும் அதைத்தான் பின்பற்றுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. உடற்பயிற்சிக்கூடத்தில் எடை தூக்கித் தசை வளர்த்த ஒருவரின் பிஎம்ஐ 28 இருக்கலாம். 2.4 கிலோமீட்டரை அவர் 11 நிமிடத்தில் ஓடிவிடலாம். எண்ணை மட்டும் பார்த்தால் அவர் 'பருமன்'. பிஎம்ஐ 22 உள்ள ஒல்லி நண்பர் புளோக்கின் படியேறி நான்காவது மாடிக்கு வருவதற்குள் மூச்சிரைக்கலாம். எண்ணைப் பார்த்தால் அவர் 'சரி'.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

எடைக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பில் ராணுவங்கள் இரு பக்கமாகப் பிரிந்து நிற்கின்றன.

'சீருடை போட்டால் எல்லாருக்கும் ஒரே விதி' என்பது ஒரு பக்கம். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி அமெரிக்கத் தற்காப்புத் துறைத் தலைவர் பீட் ஹெக்செத், உலகெங்கும் உள்ள தம் தளபதிகளை ஒரே இடத்துக்கு அழைத்துப் பேசினார். எந்தப் பதவியில் இருந்தாலும் ஆண்டுக்கு இருமுறை உடலுறுதிச் சோதனை, இருமுறை உயர-எடைச் சோதனை என்றார். தளபதிக்கும் அதே தராசு, அலுவலக ஊழியருக்கும் அதே தராசு.

'வேலைக்கு ஏற்ற விதி' என்பது மறுபக்கம். அதே 2025இன் தொடக்கத்தில் பிரிட்டன் இணையப் பாதுகாப்பு வீரர்களைச் சேர்க்கப் புதிய வழியைத் திறந்தது. அவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி 10 வாரத்திலிருந்து சுமார் 4 வாரமாகக் குறைக்கப்பட்டது. நேரடிச் சண்டைக்கு அவர்கள் அனுப்பப்படமாட்டார்கள் என்றும் அறிவிக்கப்பட்டது. கணினித் திறன் உள்ளவரை ஓட்டத்தை வைத்துக் கழித்துவிடக் கூடாது என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம்.

அளக்கும் முறையும் மாறிவருகிறது. அமெரிக்கத் தரைப்படை 2023இல் ஒரு சலுகை தந்தது. அப்போதைய 600 புள்ளி உடலுறுதிச் சோதனையில் 540 எடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 80 பெற்றால், உடல் கொழுப்புக் கணக்கிலிருந்து விலக்கு. 'இவ்வளவு செய்ய முடிகிறவரிடம் அளவு நாடாவை நீட்டுவானேன்?' என்பதுதான் அதன் பொருள். அமெரிக்க ஆகாயப் படை அதே ஆண்டில் இடுப்பளவை உயரத்தால் வகுத்துப் பார்க்கத் தொடங்கியது. விடை 0.55க்குக் கீழ் இருக்கவேண்டும்.

சிங்கப்பூர் எந்தப் பக்கம்?

சிங்கப்பூரில் இரண்டும் கலந்திருக்கிறது. போர்சாராப் பணியில் உள்ள சி, ஈ பிரிவினர் பொதுவாக ஐபிபிடி எடுக்கவேண்டியதில்லை. அவர்களின் அடிப்படைப் பயிற்சியும் உடல்நிலைக்கு ஏற்ப மாற்றப்பட்டிருக்கும்.

ஆனால் பெரிய கேள்வி வேறு. ஓர் எழுத்தை வைத்து ஒருவரை இத்தனை வேலைகளுக்கு 'முடியாது' என்று ஒதுக்கிவிடலாமா?

தேசிய சேவை மறுஆய்வுக் குழு 2022 ஜனவரியில் தந்த பரிந்துரைகள் இதைத் தொட்டன. எதைச் செய்யக்கூடாது என்று பட்டியல் போடுவதை விட்டு, ஒருவரால் எதைச் செய்ய முடியும் என்று பார்க்கவேண்டும் என்பது அதன் திசை. பிறப்பு விகிதம் குறையும் நாட்டில் சேவைக்கு வரும் இளையர்களின் எண்ணிக்கையும் குறையும். ஒவ்வொருவரும் தேவை. 2022 அக்டோபர் 28ஆம் தேதி ஆயுதப் படையின் நான்காவது பிரிவாக மின்னிலக்க, உளவுத்துறைப் பிரிவு உருவானது. அங்கே பல வேலைகள் திரைக்கு முன்னால்தான்.

'போர்சாராப் பணி' என்றால் 'சும்மா இருப்பவர்' என்ற நினைப்புக்கும் இனி இடமில்லை. 'நீ வெறும் கிளார்க்தானே?' என்று யாராவது சீண்டினால், சம்பளம், சாப்பாடு, வண்டி, மருந்து எல்லாம் நேரத்துக்கு வருவது யாரால் என்று திருப்பிக் கேளுங்கள்.

உடலைக் கேலி செய்வதும் அப்படித்தான். உங்கள் அப்பா, அம்மா, சித்தப்பா காலத்துப் பள்ளிகளில் 'டாஃப்' என்ற திட்டம் இருந்தது. 1992இல் தொடங்கி 2007வரை நடந்தது. எடை கூடிய மாணவர்களைத் தனியாகப் பிரித்து ஓடவிடுவார்கள். அந்த ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் 'குண்டு' என்று பொருள் வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகவில்லை. எடை குறைந்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கேலியை இன்றும் மறக்காதவர்களும் இருக்கிறார்கள். பின்னர், எல்லா மாணவர்களையும் சேர்த்துப் பார்க்கும் புதிய அணுகுமுறை வந்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

இன்னும் சில மாதத்தில் சேரப்போகிறீர்களா? அல்லது தம்பியோ மகனோ போகப்போகிறாரா? இவற்றை மனத்தில் வையுங்கள்.

மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். குறட்டை, மூச்சுத் திணறல், மயக்கம், மூட்டு வலி, மனச்சோர்வு எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். இல்லாததைச் சொல்லாதீர்கள். இருப்பதை விழுங்காதீர்கள்.

கடைசி வாரத்தில் பட்டினி வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் எடையைக் குறைப்பது இன்னும் மோசம். நீர்ச்சத்து குறைந்த உடலோடு வெயிலில் பயிற்சிக்குப் போவது ஆபத்து.

மெதுவாகக் குறையுங்கள். 1.75 மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் இருந்தால், 10 விழுக்காடு குறைத்தாலே 81 கிலோ. பிஎம்ஐ 29.4லிருந்து 26.4க்கு இறங்கும். ஆறு மாதம் இருந்தால் அது எட்டக்கூடிய தூரம்தான். எடை குறைந்துவிட்டால் சேருமுன்பே மத்திய மனிதவளத் தளத்திடம் தெரிவியுங்கள்.

இடுப்பையும் அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. 175 சென்டிமீட்டர் உயரம் என்றால் இடுப்பு 87 சென்டிமீட்டருக்குள். பெஸ் ஏ கிடைத்த ஒல்லியான நண்பர்களே, இது உங்களுக்கும்தான்!

சாப்பாட்டில் சின்ன மாற்றம் போதும். தேநீர் வாங்கும்போது 'சியூ தாய்' கேளுங்கள். வாழை இலையில் இரண்டாம் முறை சோறு வரும்போது கையால் மறையுங்கள், ரசத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலையில் சாப்பிட்டுவிட்டு அடுத்த எம்ஆர்டி நிலையம்வரை நடந்து போங்கள்.

பெஸ் சி, ஈ கிடைத்தால் குறுகிப்போகாதீர்கள். எந்த வேலை இருக்கிறது, எந்தத் திறனைக் கற்கலாம் என்று கேளுங்கள்.

மீண்டும் தேக்காவுக்கு வருவோம். அந்த நண்பர் நீட்டும் பரோட்டாவைப் பசித்தால் சாப்பிடுங்கள், அதில் தப்பில்லை. 'கிளார்க் ஆகலாம்' என்று அவர் சொன்னால் மட்டும் 19 வாரக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். அவரே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.